வேலுத்தாய் வீட்டு முறை

சிறுமலை அடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி, தவமணி அம்மாவின் குடில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். கொஞ்ச நேரம் பாடுவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வேறு விசேஷம் எதுவும் கிடையாது.

பந்தியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அம்பலவாணனுடையது. மாணவர் விடுதி ஒன்றில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் குடிலுக்கு வந்து சேர்ந்தார். தவமணி அம்மா அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் அவருக்கு அவர் 'அம்மா'தான். அம்மா அவரை 'ஐயா' என்று கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு, புதிதாக ஒரு குடும்பம் வந்தது. பால்சாமி, காய்கறி வேன் ஓட்டுகிறவர். அவர் மனைவி வேலுத்தாய். அவர்களுடைய ஒரே மகள் கனிஷ்கா. ஒன்பது வயதிருக்கும். பாட்டு நடக்கும்போது அந்தப் பிள்ளை வாசலுக்கும் தூணுக்கும் நடந்துகொண்டே இருந்தது. வேலுத்தாய் கூடவே நடந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது.

அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். கனிஷ்கா சாப்பிட்டு முடித்துவிட்டாள் என்று நினைத்து அம்பலவாணன் அவள் இலையை மடித்து எடுத்தார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். கையில் கிடைத்த டம்ளரை வீசினாள். அது எதிர்ப்பந்தியில் இருந்த மதுமிதா என்ற சிறுமியின் நெற்றியில் பட்டுத் தோலைக் கிழித்தது. தடுக்கப் போன அம்பலவாணனின் மணிக்கட்டில் பல் பதிந்தது.

பந்தி முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. மதுமிதாவின் அம்மா உமையாள் மகளை வாரி எடுத்துக்கொண்டு, "பிள்ளையைப் பெத்தா மட்டும் போதுமா? வளக்கத் தெரிய வேணாமா?" என்று கத்தினாள்.

வேலுத்தாய் ஒவ்வொருவராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கங்க... மன்னிச்சுக்கங்க..." பால்சாமி மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். கைகூடக் கழுவாமல் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

எல்லாம் ஒழுங்கான பிறகு அம்பலவாணன் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் போனார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது அம்மாவின் வழக்கம். அப்போதுதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சின்னக் கலவரம்மா. இப்பச் சரியாயிருச்சு."

"எப்படிச் சரியாச்சு?"

"அவங்க போயிட்டாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"பாதியில எந்திரிச்சுட்டாங்க."

அம்மா தன் இலையை இன்னோர் இலையால் மூடினார்.

"அப்பப் பந்தி இன்னும் முடியலையே, ஐயா" என்றார். "ஒரு தூக்குவாளியில சோறு எடுங்க. உங்க வண்டியை எடுங்க."

*

வீடு ஊர்க்கோடியில் இருந்தது. நல்ல வெயில் நேரம். கதவும் சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. அம்பலவாணன் தட்டினார். உள்ளே ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. வேலுத்தாய் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தாள். அம்பலவாணனின் கைக்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயா, வேணும்னு செய்யலைங்கய்யா. ஆஸ்பத்திரிச் செலவை நாங்க..."

"சாப்பாடு கொண்டுவந்தோம்" என்றார் அம்மா. "நீங்க சாப்பிட்டு முடிக்கலைல்ல."

வேலுத்தாய் கொஞ்ச நேரம் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை முழுக்கத் திறந்தாள்.

உள்ளே பால்சாமி பாயை விரித்தார். உட்காரச் சொல்லக்கூட அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "இந்த வீட்டுக்கு யாரும் வர்றதில்லைங்கம்மா" என்றார்.

பாயில் உட்கார்ந்து வேலுத்தாய் பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு எடத்துக்குப் போனதே இல்லைங்கம்மா. ஒரு விசேஷத்துக்கு அவர் போனா நான் வீட்ல இருப்பேன். நான் போனா அவர் இருப்பார். என் கூடப்பொறந்த தம்பி கல்யாணம். பாப்பா மேளச்சத்தத்துக்குத் தாங்க மாட்டான்னு மண்டபத்துக்கு வெளிய வேனுக்குள்ளயே ஒக்காந்திருந்தேன். தாலி கட்டுனதைப் போன்லதான் பாத்தேன். உங்க எடத்துல சத்தம் போட மாட்டாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. ஆசைப்பட்டு வந்துட்டோம்."

"பிள்ளைக்கு என்ன வியாதி?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"மதுரையில டாக்டர் என்னமோ நீளமா ஒரு பேர் சொன்னார். வியாதி இல்லையாம். சத்தமோ கூட்டமோ, நெனைக்காதது ஒண்ணு திடீர்னு நடந்தாலோ அவளால தாங்க முடியாதாம். வேணும்னு செய்யற அடம் இல்லையாம். பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். இப்ப எவ்வளவோ தேவலை. ஆனா வெளியில பாக்கறவங்களுக்கு அது தெரியாதுல்லைங்கய்யா."

அம்மா கேட்டார். "இன்னைக்கு என்ன ஆச்சு?"

வேலுத்தாய் அம்பலவாணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பால்சாமி, "அதை விடுங்கம்மா" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பளம்."

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே இரண்டு கண்கள் தெரிந்தன.

"அவர் என் அப்பளத்தை எடுத்துட்டார்."

அம்பலவாணனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இலையை மடிக்கும்போது ஓரத்தில் ஒரு முழு அப்பளம் இருந்தது. சாப்பிடாமல் விட்டது என்று நினைத்திருந்தார்.

"கடைசியிலதான் திம்பா" என்றாள் வேலுத்தாய் மெல்ல. "எல்லாம் சாப்பிட்டு முடிச்சு, கடைசியில."

அம்பலவாணன் கட்டில் பக்கம் குனிந்தார். "அடுத்த ஞாயிறு ரெண்டு வைக்கிறேன்."

"ரெண்டு வேணாம்" என்றது கட்டிலடிக் குரல். "ஒண்ணு. எடுக்கக் கூடாது."

திரும்பி வரும் வழியில் அம்பலவாணன் வண்டியை மெதுவாக ஓட்டினார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"தப்பு என் மேலதான்மா. ஒத்துக்கறேன். இருந்தாலும் நாளைக்கு வேற எதுக்காவது அந்தப் பிள்ளை அலறும். ஒரு குடும்பத்துக்காக எல்லாருடைய அமைதியும் கெடலாமா?"

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

"அந்த வீடு எப்படி இருந்துச்சு, ஐயா?"

அம்பலவாணன் சாத்திய ஜன்னல்களை நினைத்துப் பார்த்தார்.

"அமைதியாத்தான் இருந்துச்சு" என்றார்.



*

அந்த வாரமே அம்பலவாணன் அவர்களைக் கூப்பிடப் போனார். வேலுத்தாய் வாசலில் நின்றபடியே கண் கலங்கினாள். "நீங்க கூப்பிட்டதே போதும்யா. எங்களால உங்களுக்குச் சங்கடம் வேணாம்."

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். "போதும்னு சொல்லிட்டாங்கம்மா."

"போதும்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்பப் போதலை" என்றார் அம்மா.

மறுபடியும் போனார். இந்தத் தடவை வாங்க என்று மட்டும் சொல்லவில்லை. "நாங்க என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் அன்னைக்கு அப்படி ஆயிருச்சு" என்றார். விடுதியில் நூற்றுக்கணக்கான பையன்களை அதட்டி நிறுத்தியவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

வேலுத்தாய் சொன்னாள். அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னும் ஒரு பாட்டு, அப்புறம் சும்மா உட்காருவோம், அப்புறம் சாப்பாடு என்று. இடையில் மாற்றக் கூடாது. மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து தொடக் கூடாது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினால் புயல் வருகிறது என்று அர்த்தம். அப்போது எல்லோரும் ஓடி வந்து ஆளுக்கொன்று பேசக் கூடாது. பக்கத்திலிருக்கிற பிள்ளைகளையும் பாத்திரங்களையும் நகர்த்திவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். தானாக அடங்கும்.

"அவ்வளவுதானா?" என்றார் அம்பலவாணன்.

"அவ்வளவுதாங்கய்யா." கொஞ்சம் தயங்கிவிட்டு வேலுத்தாய் சொன்னாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க."

முதலில் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில் வந்தார்கள். கனிஷ்கா குடிலை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்தாள். பக்கவாசலுக்குப் பக்கத்துத் தூண் அவளுக்குப் பிடித்திருந்தது. அதன் பக்கத்தில் அவர்களுக்குப் பாய் என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்பலவாணன் இலைக்கு முன்னால் குனிந்து, "இப்ப அப்பளம் வைக்கிறேன். நீ சொன்னப்புறம்தான் இலையை எடுப்பேன்" என்றார். கனிஷ்கா அவர் கையிலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சிலர் வருவதை நிறுத்தினார்கள். உமையாள் நிறுத்தவில்லை. ஆனால் அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் கெட்டவ இல்ல. ஆனா என் பிள்ளை நெத்தியில தழும்பு இருக்கு. நாளைக்குக் கண்ணுல பட்டா?"

"பயம் நியாயம்தான்" என்றார் அம்மா. பிறகு வேலுத்தாயைக் கூப்பிட்டார். "இவங்க பயப்படறாங்க. என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வேலுத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்க பாப்பாவைக் காமிங்க அக்கா, காயம் ஆறிருச்சா?" என்றாள். உமையாள் மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். வேலுத்தாய் மண்டியிட்டு உட்கார்ந்து, காதைப் பொத்துவது எப்படி இருக்கும் என்று மதுமிதாவுக்குச் செய்து காட்டினாள். "கனிஷ்கா அக்கா இப்படிப் பண்ணா, நீ உன் டம்ளரை எடுத்துக்கிட்டு அம்மாகிட்டப் போயிரணும். சரியா?"

பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு, சாம்பார் வாளி சரிந்து பெரிய சத்தம் கேட்டது. மதுமிதா யாரும் சொல்லாமலே எழுந்தாள். "அக்கா காதைப் பொத்துறா" என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னாள். எல்லோரும் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டு, விளையாட்டுப்போல, அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கனிஷ்கா அலறினாள், தூணை உதைத்தாள், அழுதாள். அம்பலவாணன் கொஞ்சம் தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் அடங்கியதும் பிள்ளைகள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். பந்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அன்றைக்கு வேலுத்தாயும் பால்சாமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மோர்ச்சோறு வரைக்கும். பால்சாமி இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "மோர் வரைக்கும் நான் எந்தப் பந்தியிலயும் ஒக்காந்ததில்லைங்கய்யா" என்றார்.

*

மழைக்காலத்தில் அம்பலவாணன் காய்ச்சலில் படுத்தார். தனி வீடு. எழுந்து கஞ்சி வைக்கக்கூட முடியவில்லை. அந்த ஞாயிறு அவர் குடிலுக்குப் போகவில்லை.

மத்தியானம் வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் யாரோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"படுத்திருக்கார்" என்றாள் கனிஷ்கா, வேன் பக்கம் திரும்பி.

பால்சாமி கூச்சத்தோடு உள்ளே வந்தார். "நீங்க இல்லைன்னு சாப்பிடவே மாட்டேன்னுட்டா ஐயா. 'அம்பலம் எங்க, அம்பலம் எங்க'ன்னு ஒரே பாட்டு. ஐயான்னு சொல்லுன்னா கேக்க மாட்டேங்கறா. மன்னிச்சுக்கங்க."

மனைவி போனதிலிருந்து அவரைப் பேர் சொல்லி யாரும் தேடியதில்லை. அம்பலவாணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சலால் கண்ணில் நீர் வருகிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

வேலுத்தாய் அடுப்பைப் பற்றவைத்து மிளகு ரசம் வைத்தாள். கனிஷ்கா அறையை அளப்பதுபோல நடந்தாள். ஒரு தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அடுத்த ஞாயிறு வருவியா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

மாற்றவில்லை. கால் தள்ளாடியபோதும் அந்த ஞாயிறு போனார்.

உடம்பு தேறிய பிறகு ஒரு விஷயம் அவரை உறுத்த ஆரம்பித்தது. வேலுத்தாய் மாதக்கணக்காக வருகிறாள். பாயின் நுனியில்தான் உட்காருகிறாள். அன்றைக்கு எதுவுமே நடக்காவிட்டாலும் போகும்போது, "ஏதாவது தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க" என்று எல்லோரையும் கும்பிடுகிறாள். யாரும் சொல்லாமலே அத்தனை பாத்திரத்தையும் கழுவி வைக்கிறாள். கூலிக்கு வந்தவள் மாதிரி.

அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அம்பலவாணன் கேட்டார்.

"அவங்களுக்கு எல்லாம் செஞ்சுட்டோம்மா. பாய் போட்டோம். பக்கத்துல இருக்கோம். யாரும் மொகம் சுளிக்கறதில்ல. இருந்தும் அந்தப் பொண்ணுக்கு இங்க ஒட்டலை. இன்னும் என்ன செய்யணும்?"

அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அவங்க முறை என்னைக்கு வருது, ஐயா?"

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் குடிலுக்கு வருகிற குடும்பங்களுடையது. வாரம் ஒரு வீடு. விடிந்ததும் வந்து அடுப்பு மூட்டி, அத்தனை பேருக்கும் அந்த வீட்டார்தான் ஆக்கிப் போடுவார்கள். யார் வீட்டு முறை எப்போது என்று போய்ச் சொல்கிற வேலை அம்பலவாணனுடையது.

அவர் தடுமாறினார். "அவங்களைச் சேக்கலைம்மா. அவங்களுக்கு இருக்கற பாட்டுல இதை வேற எதுக்குன்னு..."

"அவங்க முடியாதுன்னாங்களா?"

"நான் கேக்கலை."

அம்மா அடுத்த காயை எடுத்தார். அம்பலவாணன் மெதுவாக எழுந்து போய் வண்டியை எடுத்தார்.

வேலுத்தாய் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்களையா?"

"உங்களைத்தான். அடுத்த ஞாயிறு உங்க வீட்டு முறை. முடியுமா?"

"அத்தனை பேருக்கும்... எங்க கையாலயா?"

"ஆமாம்மா. தோதுப்படலைன்னா வேற..."

"இல்ல, இல்ல!" கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். "கல்யாணப் பத்திரிகை வரும்யா எங்களுக்கு. 'உங்க நெலைமை தெரியும், வர முடியாட்டியும் பரவாயில்ல'ன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. பாவம்னு சேலை எடுத்துக் குடுப்பாங்க. ஒரு வேலைக்கு வான்னு யாரும் கூப்பிட்டதில்லைங்கய்யா." முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டாள். துணி ஈரமாக இருந்ததால் முகம் இன்னும் நனைந்தது. அவளே சிரித்துவிட்டாள். "என்ன ஆக்கட்டும்? சொல்லுங்க. கத்திரிக்காய்க் கொழம்பு நல்லா வைப்பேன். அவரை விட்டு விடியக்காலைச் சந்தையில பிஞ்சாப் பாத்து எடுத்துட்டு வரச் சொல்றேன்."

*

அந்த ஞாயிறு நன்றாகத்தான் ஆரம்பித்தது. பால்சாமி வேன் நிறையக் காயும் விறகும் கொண்டுவந்து இறக்கினார். வேலுத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய அண்டாவில் உலை வைத்தாள். கனிஷ்காவுக்கு என்னென்ன நடக்கும் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தாள்.

விறகு வெடிக்கும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

அரிசி பாதி வெந்திருந்தது. ஈரவிறகு ஒன்று அடுப்புக்குள் பட்டென்று வெடித்தது. கனிஷ்கா காதைப் பொத்தினாள். இன்னொரு தடவை வெடித்தது. யாரும் எழுவதற்குள் அவள் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி நெருப்பை நோக்கி ஊற்றினாள். பாதி அடுப்பில் விழுந்தது. மீதி அண்டாவில் விழுந்தது. அடுத்த வாளியையும் ஊற்றிவிட்டாள்.

புகை எழும்பியது. பால்சாமி மகளை ஓடைப் பக்கம் கூட்டிப் போனார். அவள் அலறல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலுத்தாய் அண்டாவுக்கு முன்னால் நின்றாள். சோறு தண்ணீரில் மிதந்தது. குடிலில் பாட்டு முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையும் மெல்லக் கும்பிடுவதற்கு எழும்பியதை அம்பலவாணன் பார்த்தார். அம்மாவைத் தேடினார். அம்மா சமையல்கட்டுப் பக்கமே வரவில்லை. கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தார்.

உமையாள் உள்ளே வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"கஞ்சியாக்கிரு" என்றாள்.

"அக்கா..."

"என் முறையில ரசத்தைத் தீச்சேனே, ஞாபகம் இருக்கா? ஒரு ஆள் விடாமக் குடிச்சாங்க. கஞ்சி அதுக்கு எவ்வளவோ தேவலை." உமையாள் குனிந்து அடுப்பிலிருந்த நனைந்த கட்டையை இழுத்துப் போட்டாள். "காஞ்ச வெறகு எங்க இருக்கு? சீக்கிரம் சொல்லு. பசிக்குது."

எழும்பிய கைகள் பாதியில் நின்றன. வேலுத்தாய் ஒரு நிமிஷம் அவற்றையே பார்த்தாள். பிறகு, "வேன்ல இருக்குக்கா, சீட்டுக்கு அடியில" என்றாள். அவள் குரல் முதல் தடவையாக அந்த இடத்தில் உரக்கக் கேட்டது. "ஐயா, நீங்க அந்தத் தேங்காயைத் திருவுங்க. துவையல் அரைச்சுருவோம். இலை வேணாம், கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லுங்க!"

அம்பலவாணன் தேங்காய் திருவினார். விடுதியில் எத்தனையோ வருஷம் சமையல்காரர்களுக்கு உத்தரவு போட்டவர். இப்படி ஒரு உத்தரவுக்கு ஓடியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாப்பாடு தாமதமாயிற்று. கூடத்தில் இன்னும் சில பாட்டுப் பாடினார்கள். கஞ்சி வந்தது, தேங்காய்த் துவையல் வந்தது, கத்திரிக்காய்க் குழம்பும் வந்தது. கஞ்சிக்கும் கத்திரிக்காய்க் குழம்புக்கும் பொருந்தாது என்று யாரோ சொல்ல, இன்னொருவர் பொருந்துகிறது, ஊற்றிப் பார் என்றார். பால்சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு, "இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி" என்று வேண்டாம் என்றவர்களுக்கும் ஊற்றினார். கனிஷ்கா தூணுக்குப் பக்கத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மதுமிதா தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், கொஞ்சம் இடைவெளி விட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேலுத்தாய் பந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள். "போதுமா அண்ணே? இன்னும் கொஞ்சம்? துவையல் வச்சுக்கங்க மதினி." யாரையும் அவள் கும்பிடவில்லை. அம்மாவின் முன்னால் வந்து, "உப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கம்மி" என்றார் அம்மா.

"கொண்டாறேன்" என்று திரும்பினாள். அப்போதுதான் வெளிவாசலில் சத்தம் கேட்டது.

வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில், ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அந்த ஆளின் தோளில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் திமிறிக்கொண்டு கத்தினான். அப்பாவின் முகத்தில் மாறி மாறி அறைந்தான். அந்தப் பெண் உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அம்பலவாணன் வாளியைக் கீழே வைத்தார். அவர் செருப்பைத் தேடுவதற்குள் வேலுத்தாய் அவரைக் கடந்து போய்விட்டாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. வாசலைத் தாண்டியதும் நடையைக் குறைத்தாள். கிட்டப் போகவில்லை. கொஞ்ச தூரத்திலேயே நின்று, கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்தாள். பையனைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்து மட்டும் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. அந்தப் பெண் நின்றாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அம்பலவாணனுக்கு நிலைகொள்ளவில்லை. அம்மாவிடம் வந்து குனிந்தார்.

"அம்மா, நானும் போகட்டுமா? புதுசா வந்தவங்க. நம்ம சார்பா யாராவது போய்க் கூப்பிடணும்ல?"

தவமணி அம்மா கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"வீட்டுக்காரங்கதான் போயிருக்காங்களே" என்றார். "நீங்க கிண்ணம் எடுத்து வைங்க, ஐயா."